சிந்துவில் ஒரு பல்லில்லாப் பரம்பரை

10 ஆடவர், 4 தலைமுறை, மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் சேர்த்து எண்ணினாலும் ஒவ்வொருவர் வாயிலும் 12 பற்கள்தாம்! முன்னே சின்னஞ்சிறு வெட்டுப்பற்கள் 4, அவையும் வலுவற்றவை. பின்னே கடைவாய்ப் பற்கள் 8. இடையில் இருக்க வேண்டியவற்றைக் காணோம். விழுந்துவிட்டனவா? விழுவதற்கு முதலில் முளைத்திருக்க வேண்டுமே! அவை முளைக்கவே இல்லை.

சிந்து மாநிலத்தில் வாழ்ந்த இந்துக் குடும்பம் ஒன்றின் கதை இது. இங்கிலாந்திலே புறா, நாய், முயல், கோழி என்று எதையும் விடாமல் அவற்றின் மரபைத் துருவித் துருவி ஆராய்ந்துகொண்டிருந்த சார்லஸ் டார்வினுக்கு இதனைத் தெரிவித்தவர் வெடர்பர்ன் என்பார். வீட்டு விலங்குகளும் பயிர்வகைகளும் மாறுபடும் முறை பற்றி டார்வின் 1868ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்று வெளியிட்டிருந்தார். அதன் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தக் குடும்பத்துக்குச் சில வரிகளை ஒதுக்கினார். சில வரிகள்தாம்! ஆனால் அவற்றின் பொருளை முழுதும் அறிந்துகொள்ள உலகுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

அவ்வரிகள் கூறுவது என்ன? பல் குறைந்த அந்த ஆடவர்களுக்கு உடலில் மயிரும் மிகக் குறைவு. இளமையிலேயே தலை வழுக்கையாகிவிடும். கோடை வந்தால் தோல் வறண்டு பெருந்துன்பப்படுவர். பெண்மக்களில் ஒருவருக்கும் இக்குறை தோன்றவில்லை. ஆயினும், குறையில்லாத அந்தப் பெண்களின் வயிற்றில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்குக் குறை வந்தது! குறையுள்ள தந்தையோ தன் மகனுக்கு அதனைத் தந்ததாக ஒரு சான்றுகூட இல்லை. ஒரு தலைமுறையில் தோன்றும், அடுத்ததில் மறையும், பிறகு பேரன் வாயில் தலைகாட்டும். மகன்வழிப் பேரன் அல்லன், மகள்வழிப் பேரன்!

தோழர்களே, கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று நினைத்துப் பாருங்கள். "வமிசம் விளங்க ஆண்பிள்ளை வேண்டும்" என்று தவம் கிடக்கும் நாட்டிலே, தந்தையிடமிருந்து மகனுக்குப் போகவே போகாத, மகளின் வழியே மட்டும் நடந்து செல்லும் ஒரு பரம்பரைச் செல்வம் இருந்திருக்கிறது. செல்வம் என்பதா, சுமை என்பதா? எப்படியாயினும் பரம்பரைதானே!

ஒரு வீட்டில் இத்தகைய குறையோடு பிள்ளை பிறந்தால் ஊரார் எழுப்பும் முதற்கேள்வி "எதனால்?" என்பதன்று, "யாரால்?" என்பதுதான். யார் செய்த பாவம், யார் விட்ட சாபம், யார் வந்த நேரம்! இந்தக் கேள்விக்கு ஆயத்த விடைகளை ஏட்டிலேயே எழுதி வைத்திருந்தனர் முன்னோர். மனு நூலின் 11ஆம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பார்ப்பனரின் பொன்னைத் திருடியவனுக்கு நகம் கெடுமாம். சுரா பானம் அருந்தியவனுக்குப் பல் கறுக்குமாம். குருவின் மனைவியைக் கூடியவனுக்குத் தோல் கெடுமாம். இப்பிறப்பில் செய்ததோ முற்பிறப்பில் செய்ததோ, பாவத்தின் பட்டியல் உடலில் எழுதப்படுகிறதாம்! நகம், பல், தோல் என்ற மூன்றுக்கும் மூன்று தனித்தனிப் பாவங்களைத் தேடிக் கண்டுபிடித்த பேரறிவை என்னென்பது! இந்த மூன்று பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இக்கட்டுரையிலேயே இவை மூன்றும் மீண்டும் ஒன்றாக வரும்.

பாவத்தின் கணக்கை முற்பிறப்பில் எழுத முடியாதபோது, அதைத் தாயின் தலையில் எழுதுவது எளிது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், கண்டதைத் தின்றாள், எதையோ பார்த்துப் பயந்தாள்! மேனாட்டார் மட்டும் இதில் நமக்குக் குறைந்தவர்களா என்ன? கருவுற்றவள் கண்ட காட்சி கருவின் உடலில் பதியும் என்று அங்கும் நெடுங்காலம் நம்பினர். 1726ஆம் ஆண்டில் மேரி டாஃப்ட் என்ற ஏழைப் பெண், தான் முயல்குட்டிகளைப் பெற்றதாகக் கூறினாள். கருவுற்றிருந்தபோது முயலைத் துரத்தினாளாம், முயல்மீது ஆசை கொண்டாளாம்! அரண்மனை மருத்துவர்வரை அதை நம்பினர். பின்னர் அது மோசடி என்று அவளே ஒப்புக்கொண்டாள். மடமைக்கு மேற்கு, கிழக்கு என்ற வேறுபாடு கிடையாது.

ஆனால் சிந்துக் குடும்பத்தின் கதை தாக்குவது பாவக்கணக்கை மட்டுமன்று. அதைவிட ஆழமாக வேரூன்றிய மற்றொரு கருத்தையும்தான். மனு நூலின் 9ஆம் அத்தியாயம், பெண் என்பவள் நிலம், ஆண் என்பவன் விதை என்று வகுத்து, இரண்டில் விதையே உயர்ந்தது என்று தீர்ப்பளிக்கிறது. நெல் விதைத்தால் நெல் முளைக்கும், எள் விதைத்தால் எள் முளைக்கும். நிலத்தின் குணம் பயிரில் வராது என்பது வாதம். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இதையே சொன்னார்: உருவத்தைத் தருவது ஆண், பெண் தருவது வெறும் பொருள்! சொத்துரிமை, கோத்திரம், கொள்ளி வைக்கும் உரிமை எல்லாம் இந்த விதைத் தத்துவத்தின் மீது எழுந்த மாடங்கள்.

சரி, அந்த அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டு சிந்துவுக்குப் போவோம். விதையே எல்லாம் என்றால் பல்லில்லாத் தந்தையின் விதையில் பல்லில்லா மகன் முளைக்க வேண்டும். முளைக்கவில்லை! ஒரே ஒரு மகன்கூட! பற்களெல்லாம் நிறைந்த வேற்றுக் குடும்பத்தான் ஒருவன் அவ்வீட்டுப் பெண்ணை மணக்கிறான். அவன் விதையில் குறை ஏதும் இல்லை. ஆனால் பிறந்த மகன் வாயைத் திறந்தால், தாய்வழிப் பாட்டனின் வாய்! வெறும் நிலம் என்று ஒதுக்கப்பட்டவள், தன் தந்தையின் உடற்கூற்றைப் பத்திரமாக எடுத்து வந்து மகனிடம் ஒப்படைத்துவிட்டாள். நான்கு தலைமுறை தவறாமல் இது நடந்திருக்கிறது. சாத்திரத்தை எதிர்த்து மேடையேறிப் பேசாமல், பல்லைக் காட்டியே அந்த 10 பேரும் பதில் சொல்லிவிட்டனர்.

இதற்குக் காரணம் டார்வினுக்குத் தெரிந்திருந்ததா? தெரியாது. உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நுண்துகள்கள் புறப்பட்டு இனப்பெருக்க உறுப்புகளில் சேர்கின்றன என்று அதே நூலில் ஒரு கொள்கையை அவர் முன்வைத்தார். அக்கொள்கை நிலைக்கவில்லை. அவர் தேடிய திறவுகோல், பிரன் நகரத்து மடத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்த கிரிகோர் மெண்டலிடம் இருந்தது. மெண்டல் தம் ஆய்வை 1865ஆம் ஆண்டில் படித்து, 1866ஆம் ஆண்டில் அச்சிட்டார். டார்வின் மறைந்தது 1882ஆம் ஆண்டு. மெண்டல் மறைந்தது 1884ஆம் ஆண்டு. உலகம் மெண்டலைக் கண்டுகொண்டது 1900ஆம் ஆண்டில்தான்! காரணம் தெரியாதபோதும் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தாரே டார்வின், அதற்காகவே அவரைப் போற்ற வேண்டும். தம் கொள்கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து அவர் செய்தியை வெட்டவில்லை. ஆகவேதான் பின்வந்தவர்கள் அவ்வரிகளை வைத்தே நோய்க்குப் பெயர் சொல்ல முடிந்தது.

1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர், மாவுப்புழுக்களின் உயிரணுக்களை ஆராய்ந்து, ஆணுக்கு மட்டுமே உரிய சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதைக் கண்டார். பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அதுவே. 1910ஆம் ஆண்டில் தாமஸ் ஹண்ட் மார்கன், பழ ஈயின் வெள்ளைக் கண் எவ்வழியாக இறங்குகிறது என்பதை ஆராய்ந்தார். சிந்துக் குடும்பத்தில் கண்ட அதே வழிதான்!

விளக்கம் இவ்வளவே. பெண்ணுக்கு எக்ஸ் என்னும் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. தந்தை தன் எக்ஸை மகளுக்குத் தருகிறான். மகனுக்குத் தருவது ஒய் மட்டுமே. எனவே எக்ஸில் உள்ள எந்தக் குறையையும் எந்தத் தந்தையும் தன் மகனுக்குத் தர இயலாது, விரும்பினாலும் இயலாது! மகள்கள் அனைவரும் அதைப் பெறுவர். ஆனால் அவர்களிடம் தாய் தந்த நல்ல எக்ஸ் ஒன்று துணைக்கு இருப்பதால் குறை பெரிதாக வெளிப்படாது. அந்த மகள் தாயாகும்போது, ஒவ்வொரு மகனுக்கும் அக்குறை சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகனுக்கு வேறு எக்ஸ் கிடையாது. ஆகவே தப்ப வழியில்லை.

இதே வழியில் இறங்கிய இன்னொரு நோய் ஐரோப்பிய அரண்மனைகளில் உலவியது. விக்டோரியா அரசியின் மகன் லியோபால்டு, கொள்ளுப்பேரன் ரஷ்ய இளவரசன் அலெக்சி ஆகியோரை வாட்டிய குருதி உறையாமை நோய்தான் அது. அரசிக்கு முற்பிறப்பில் என்ன பாவம் என்று கேட்க எந்தப் புரோகிதனுக்கும் துணிவு வரவில்லை. சிந்துக் குடிசையில் பாவமாவது விண்ட்சர் மாளிகையில் நோயாகிவிடுகிறது!

அந்தப் பல்லில்லாதார் டார்வின் நூலோடு மறைந்துவிடவில்லை. 1921ஆம் ஆண்டில் தாடானி என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் வெளிவந்த மரபியல் இதழ் ஒன்றில் சிந்துவின் ஐதராபாத் நகரத்துப் பல்லில்லா மனிதர்களைப் பற்றி எழுதினார்; 1934ஆம் ஆண்டில் மீண்டும் எழுதினார். நம் தெலங்கானத்து ஐதராபாத் அன்று இது. 1947ஆம் ஆண்டிலிருந்து பாகிஸ்தானில் உள்ள ஐதராபாத். முன்னாளில் அந்நகரத்துக் கூரைகளின் மீதெல்லாம் காற்றை வீட்டுக்குள் இழுக்கும் கூண்டுகள் வரிசை வரிசையாக நின்றன என்றால், வெயிலின் கொடுமையை ஊகித்துக்கொள்ளலாம். அந்த வெயிலிலே வியர்க்காத உடலோடு வாழ்ந்தனர் இவர்கள்!

ஆம், வியர்க்காத உடல். டார்வினுக்கு எழுதியவர் "தோல் வறட்சி" என்று கண்டது, உண்மையில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாமையை. பல்லில்லாமையைவிட இதுவே கொடிது. பல்லில்லாதவன் கூழ் குடித்து வாழ்வான். வியர்க்காத குழந்தைக்குச் சித்திரை வெயிலே காய்ச்சல். உடல் அனலாகக் கொதிக்கும், வலிப்பு வரும், கவனியாது விட்டால் உயிரே போகும். தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்குப் பல் முளைக்கும் பருவம் வரவில்லை, ஆகவே பல்லை வைத்து நோயை அறிய இயலாது. காரணம் தெரியாத காய்ச்சல் என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவர். போர்வையால் வேறு போர்த்துவர்! அப்பிள்ளைக்கு வேண்டியதோ நிழலும், ஈரத்துணியும், காற்றும், குடிக்க நீரும். எத்தனை வீடுகளில் எத்தனை ஆண்குழந்தைகள் "கொள்ளை நோயில் போனது", "காற்றுக் கருப்பு அடித்தது" என்ற பெயரில் மாண்டனவோ, யார் கணக்கு வைத்தார்?

பல்லுக்கும் மயிருக்கும் வியர்வைக்கும் என்ன உறவு என்ற கேள்வி எழும். 1848ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஜான் தர்னம், தோலும் மயிரும் பல்லும் சேர்ந்து குறைப்பட்ட இரு ஆடவரைப் பற்றி எழுதியிருந்தார். டார்வினும், மயிரற்ற நாய்களுக்குப் பல்லும் குறைவாயிருப்பதைக் குறித்து, இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றார். அவர் கண் எவ்வளவு கூரியது! மயிரற்ற மெக்சிகோ, பெரு, சீன நாய்களில் ஒரே மரபணுவின் பிழையே மயிரையும் பல்லையும் ஒருங்கே பாதிக்கிறது என்பது 2008ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது.

கருவின் தொடக்கத்தில் அதன் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அப்படலம் ஓரிடத்தில் சற்றே தடிக்கிறது, அடியிலுள்ள திசுவோடு 'பேசுகிறது', உள்நோக்கி மடிகிறது, மொட்டாகிறது. தாடையில் இது நிகழ்ந்தால் பல். தலையில் நிகழ்ந்தால் மயிர். உள்ளங்கையில் நிகழ்ந்தால் வியர்வைச் சுரப்பி. விளைவு வேறு, தொடக்கம் ஒன்று. கரு உருவான ஆறாம் ஏழாம் கிழமையிலேயே, தாய்க்குத் தான் கருவுற்றது உறுதியாகத் தெரிந்ததோ இல்லையோ, பல்லரும்புக்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. அந்த 'பேச்சு' வேதியல் மொழியிலே நடப்பது; ஒவ்வொரு சொல்லும் ஒரு புரதம்; ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு. சொல் ஒன்று காணாமற்போனால் மொட்டு அரும்பாது. சிந்துக் குடும்பத்தில் கண்ட இவ்வகை நோயில் காணாமற்போகும் சொல் எது என்பது 1996ஆம் ஆண்டில் தெரிந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவுக்கு இ.டி.ஏ. என்று பெயரிட்டனர். 1950களின் தொடக்கத்தில் எடின்பரோவில் ஃபால்கனர் என்பார் ஆராய்ந்த ஒருவகைச் சுண்டெலிக்கும் இதே மரபணுவில்தான் பிழை என்பது 1997ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. எலிக்கு முற்பிறப்புக் கணக்கு எழுதியவர் யாரோ!

டார்வினின் குறிப்பில் ஓரிடத்தில் மட்டும் நாம் நின்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்குக் குறையே இல்லை என்றல்லவா அது கூறுகிறது? 1961ஆம் ஆண்டில் மேரி லயன் என்ற ஆங்கில அறிஞர், பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரு எக்ஸ்களில் ஒன்று உறங்கிவிடுகிறது என்று எடுத்துரைத்தார். எது உறங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே இக்குறையைத் தாங்கிச் செல்லும் பெண்களில் பலருக்கு, ஓரிரு பற்கள் இல்லாமலிருக்கும். சில பற்கள் ஆப்புப்போலக் கூர்ந்திருக்கும். உடலில் வியர்க்கும் இடமும் வியர்க்காத இடமும் பட்டை பட்டையாக இருக்கும். அப்படியாயின் சிந்து வீட்டுப் பெண்களிடம் ஏன் எதுவும் காணப்படவில்லை? முகத்திரைக்கும் அடுப்படிக்கும் அப்பால் வாராத பெண்களின் வாயைத் திறந்து பற்களை எண்ணியவர் யார்? ஆடவர் சொன்னதை ஆடவர் எழுதினர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எல்லாக் குடும்பங்களும் சிந்துக் குடும்பத்தைப் போன்றவை என்று எண்ணிவிடக் கூடாது. பல் குறைதல் என்பது மிகப் பொதுவான செய்தி. ஞானப்பல்லை விட்டுவிட்டு எண்ணினாலும், 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு ஒரு பல்லாவது முளைப்பதில்லை. கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும், மேல்தாடையின் பக்க வெட்டுப்பல்லும் அடிக்கடி தவறுபவை. ஞானப்பல்லோ, நான்கைந்து பேரில் ஒருவருக்கு ஒன்றாவது இருப்பதில்லை. அதனால் அவர் ஞானம் குறைவதில்லை! 6 பற்களுக்கு மேல் குறைவது அரிது. அப்படிக் குறையும் வீடுகளில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்கும். 1996ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தில், முன்கடைவாய்ப் பற்களும் ஞானப்பற்களும் முளைக்காமைக்கு எம்.எஸ்.எக்ஸ்.1 என்ற மரபணுவின் ஒற்றை எழுத்து மாறியதே காரணம் என்று கண்டனர். 2000ஆம் ஆண்டில் கடைவாய்ப் பற்கள் இல்லாத குடும்பம் ஒன்றில் பாக்ஸ்9 என்ற மரபணு சிக்கியது. இவை ஓங்கு தன்மையுடையவை. தந்தையோ தாயோ, எவரிடமிருந்தும், மகனுக்கோ மகளுக்கோ, இரண்டில் ஒரு வாய்ப்பாக இறங்குபவை. "தாய்வழிக் கோளாறு" என்று இங்கே மருமகளைக் கைகாட்ட முடியாது.

பின்லாந்தில் கண்ட ஒரு குடும்பத்தின் கதை இவை எல்லாவற்றையும்விடப் பாடம் நிறைந்தது. 4 தலைமுறையில் 11 பேருக்கு, நிலைத்த பற்களில் 8 அல்லது அதற்கு மேல் முளைக்கவில்லை. அவர்களில் 8 பேருக்குப் பெருங்குடலில் புற்றுநோயோ அதற்கு முந்திய கட்டிகளோ இருந்தன! ஆக்சின்2 என்ற மரபணுவின் பிழை இரண்டுக்கும் காரணம் என்று 2004ஆம் ஆண்டில் எழுதினர். இத்தகைய குடும்பங்கள் மிக அரியவை; பல் ஒன்று குறைந்தவரெல்லாம் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் பல பற்கள் குறைந்தோர் ஒரே வீட்டில் தலைமுறை தோறும் தோன்றி, அவ்வீட்டிலே குடற்புற்றும் இருந்தால், அதைச் சோதிடரிடம் அன்று, மருத்துவரிடம் சொல்லவேண்டும். உரிய காலத்தில் குடலைச் சோதித்தால் காப்பாற்றத்தக்க உயிர் அது.

இனி, நகம், பல், தோல்! நினைவிருக்கிறதா? 2007ஆம் ஆண்டில், நெருங்கிய உறவில் மணந்துகொண்ட லெபனான் நாட்டுக் குடும்பங்களில், பல் குறைந்து, நகம் சிதைந்து, தோல் தடித்த ஒரு நோய்க்குக் காரணம் தேடினர். டபிள்யூ.என்.டி.10ஏ என்ற ஒரே மரபணு! பொன் திருட்டு, குடி, குருத்துரோகம் என்று மூன்று குற்றங்களைச் சுமத்தி மனு பிரித்து வைத்த மூன்றையும் ஒரே பிழை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. குற்றவாளி ஒருவருமில்லை. பின்னர் இதே மரபணுவின் மாற்றங்கள், வேறு குறை ஏதுமின்றிப் பல் மட்டும் குறைந்தவர் பலரிடமும் காணப்பட்டன.

இந்த லெபனான் நோய் ஒடுங்கு தன்மையுடையது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்து சேர்ந்தால்தான் முழுதும் வெளிப்படும். இருவரும் ஒரே பாட்டன் பாட்டியின் வழியினர் என்றால் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு மிகுதி. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறை தேடி மணமுடிக்கும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியாத நம் தமிழகத்துக்கு இது அயலார் கதையன்று. சிந்துக் குடும்பத்தின் குறையையே எடுத்துக்கொள்வோம். தாய்வழி வந்த அக்குறையுள்ள ஒரு தாய்மாமன், தன் உடன்பிறந்த அக்காளின் மகளை மணக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காள் அப்பிழையைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவள் மகள் தாங்கியிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படித் தாங்கியிருந்தால், பிறக்கும் பெண்குழந்தைக்குத் தந்தையிடமிருந்து ஒன்று உறுதியாக வரும். தாயிடமிருந்து மற்றொன்று வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. டார்வின் நூலில் எந்தப் பெண்ணுக்கும் முழுமையாக வராத குறை, முறைமாமன் கட்டிய தாலியால் வந்து சேரலாம்! "சொத்து வெளியே போகக் கூடாது" என்று செய்துகொள்ளும் ஏற்பாட்டில் வெளியே போகாமல் தங்கிவிடுவது சொத்து மட்டுமன்று.

இத்தகைய வீட்டார் செய்யத்தக்க முதல் வேலைக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு தாளை எடுத்து மூன்று நான்கு தலைமுறையின் படத்தை வரைய வேண்டும். யாருக்கு எந்தப் பல் இல்லை, யாருக்கு வியர்க்காது, எந்தக் குழந்தை காய்ச்சலில் இறந்தது என்று குறிக்க வேண்டும். அத்தை, சித்தி, கொடுக்கப்பட்ட பெண்கள், கொண்டுவரப்பட்ட பெண்கள் எல்லாரையும் எழுதவேண்டும். மகன்களை மட்டும் எழுதும் வழக்கப்படியான வமிசாவளி இதற்கு உதவாது. சிந்துக் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட வமிசாவளி எழுதியிருந்தால் நோயின் வழியே கண்ணுக்குப் புலப்பட்டிராது! அந்தப் படத்தோடு மரபியல் அறிந்த மருத்துவரைக் காண வேண்டும். பல் குறைந்த பிள்ளைக்குச் சிறு வயதிலேயே செயற்கைப் பல் கட்டலாம். வளர்ந்தபின் எலும்பில் ஊன்றிய பல் வைக்கலாம். முளைக்காத பல்லை முளைக்கச் செய்யும் மருந்தொன்றை மனிதரிடம் சோதிக்கும் முயற்சியை ஜப்பானின் கியோட்டோவில் 2024ஆம் ஆண்டில் தொடங்கினர்.

அதற்கும் முன்பே ஜெர்மனியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். எர்லாங்கன் நகர மருத்துவமனைக்கு, சிந்துக் குடும்பத்துப் பெண்களைப் போலவே பிழையைத் தாங்கிய ஒரு தாய் வந்தாள். இரட்டைக் கரு; இரண்டும் ஆண். வயிற்றின் மேல் கருவியை வைத்து ஒலியலைகளால் பார்த்து, பிறவாத பிள்ளைகளின் தாடையில் பல்லரும்புகளை எண்ணினர். குறைந்திருந்தன. இ.டி.ஏ. மரபணு செய்திருக்க வேண்டிய அந்தப் புரதத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து, கருவைச் சூழ்ந்த நீரிலே 26ஆம் கிழமையிலும் 31ஆம் கிழமையிலும் செலுத்தினர். கருக்குழந்தைகள் நீரை விழுங்கின. அதோடு மருந்தையும் விழுங்கின. சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லப்படாது போன சொல்லை வெளியிலிருந்து ஒருவர் சொன்னதுபோல! 2016ஆம் ஆண்டில் இரட்டையர் பிறந்தனர். மற்றொரு தாயின் மகனுக்கும் பின்னர் இவ்வாறே செய்தனர். 2018ஆம் ஆண்டில் ஹோல்ம் ஷ்னைடரும் அவர்தம் குழுவினரும் முடிவை வெளியிட்டனர்: மூன்று பிள்ளைகளுக்கும் வியர்க்கிறது.